நெஞ்சைத் துப்புரவாக்கும் நேரம்

நோயுற்ற குழந்தையைப் பேணுவது பற்றி எழுதுவோர் பலர். அக்குழந்தை வளர்ந்து, மீசை அரும்பி, வேலைக்கும் சென்றபின் பெற்றோர் செய்ய வேண்டியது யாது என்பதைப் பற்றி எழுதுவோர் குறைவு. எங்களுக்கு வாய்த்த அனுபவம் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. எழுத்துப் பழக்கம் இல்லாத கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் சேர்ந்து இதனை எழுதத் துணிந்தமைக்கு அதுவே காரணம்.

நாங்கள் மேச்சேரியில் வாழ்பவர்கள். எங்கள் மகனுக்கு இப்போது வயது 25. பிறந்தது முதல் சளி, இருமல், எவ்வளவு உண்டாலும் தேறாத உடம்பு. உண்டது செரிக்காமல் எண்ணெய்ப் பசையோடு வெளியேறும். பிள்ளையின் அம்மாயி அவனை எடுத்து உச்சி மோந்து முத்தமிடும் போதெல்லாம், “என்ன சாமி இது, உன் மேலெல்லாம் உப்புக் கரிக்குது!” என்பார். வெயில் ஊரில் பிறந்த பிள்ளை, வியர்க்கிறது என்று எல்லோரும் சிரித்துக்கொள்வோம். படிப்பறியாத அம்மூதாட்டி சொன்னது முழு மருத்துவ உண்மை என்பது பின்னரே புலனாயிற்று.

அதற்குள் காசநோய் என்று இருமுறை மருந்து கொடுக்கப்பட்டது. ஆஸ்துமா என்றும் சொல்லப்பட்டது. இதற்காக யாரையும் நோவதற்கில்லை. இந்நோய் வெள்ளையர்க்கே உரியது, இந்தியாவில் இல்லை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1938-ல் நியூயார்க் நகரில் டாரதி ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர் இதனைத் தனி நோயாக விளக்கி எழுதினார். நம் நாட்டுக் குழந்தைகளிடம் இது காணப்பட்டதாக மருத்துவ ஏடுகளில் செய்தி வரத் தொடங்கியது 1968-ல்தான். பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ். எங்கள் மகனுக்கு ஒன்பது வயதானபோது, சேலம் சந்திப்பில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவனுடைய வியர்வையைச் சோதித்தபோதுதான் அந்தப் பெயர் எங்கள் காதில் விழுந்தது. கையில் ஒரு மருந்தைத் தடவி மெல்லிய மின்சாரம் செலுத்தி, ஊறிய வியர்வையைச் சேர்த்து அதிலுள்ள குளோரைடு உப்பை அளக்கிறார்கள். 60 அலகும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலும் நோய் உறுதி. அம்மாயியின் உதடு சொன்னதையே அக்கருவியும் சொல்லிற்று.

நோயின் வேர் ஒரு மரபணுவில் இருக்கிறது. 1989-ல் அது கண்டுபிடிக்கப்பட்டது. தாய், தந்தை இருவரிடமும் அப்பழுது ஒவ்வொன்று மறைந்திருந்தால் மட்டுமே, பிறக்கும் பிள்ளைக்கு நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு உண்டு. சுமப்பவர்க்கு எந்தத் தொல்லையும் இராது. ஆகையால் தெரியவும் தெரியாது. நாங்கள் அத்தை மகனும் மாமன் மகளும். உறவுமுறைத் தடைக்கு முறைப்படி விதிவிலக்குப் பெற்றே மணம் புரிந்தோம். சொந்தத்தில் மணப்போர்க்கு இத்தகைய வாய்ப்பு சற்று மிகும் என்று மருத்துவர் விளக்கினார். அந்நியத்தில் மணந்தோர் வீட்டிலும் இந்நோய் தோன்றுவதுண்டு என்றும் அவரே கூறினார்.

நம் உடலின் உள்தோல் வழியாக உப்பும் நீரும் போய்வருவதற்கு வாயில்கள் உள்ளன. அவ்வாயில் அடைபட்டிருப்பதே இந்நோய். அதனால் மூச்சுக் குழாய்களின் உட்புறம் ஈரம் குன்றிச் சளி பிசின் போல் இறுகுகிறது. குழாயின் உள்ளே நுண்ணிய மயிர்கள் அலையலையாய் அசைந்து தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்; நமக்கு அது தெரிவதே இல்லை. பிசினில் சிக்கிய மயிர் எப்படி அசையும்? தேங்கிய சளியில் கிருமி குடியேறும். கிருமி சுவரை அரிக்கும். அரித்த சுவர் விரிந்து பையாகும். பையில் மேலும் சளி தேங்கும். இவ்வட்டத்தை எங்காவது அறுத்தாக வேண்டும். மருந்து ஒருபுறம் இருக்க, இயற்கை செய்யத் தவறிய துப்புரவு வேலையை நாள்தோறும் மனிதர் செய்ய வேண்டும் என்பதே சிகிச்சையின் சாரம்.

அவ்வேலையை முதலில் நாங்கள் கற்றோம். பிள்ளையைத் தலையணைமேல் குப்புறவும், ஒருக்களித்தும், சாய்ந்தும் கிடத்த வேண்டும். நுரையீரலின் எந்தப் பகுதியில் சளி தேங்கியிருக்கிறதோ அது மேலிருக்குமாறு கிடத்தினால் சளி பெரிய குழாய்க்கு வழிந்து வரும். துணியொன்றை மேலே விரித்து, உள்ளங்கையைக் கிண்ணம் போல் குவித்துத் தட்ட வேண்டும். அறைந்தால் வலிக்கும், குவித்துத் தட்டினால் உள்ளே அடைபட்ட காற்று மெத்தையாகி வலியின்றி அதிர்வை மட்டும் உள்ளே அனுப்பும். முதுகெலும்பின்மேலும், சிறுநீரகம் இருக்கும் இடுப்புப் பக்கத்திலும், வயிற்றிலும் தட்டலாகாது. உண்டு ஒன்றரை மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். தலையை மிகத் தாழ்த்திக் கிடத்தும் பழைய முறையை, வயிற்று அமிலம் மேலேறும் என்பதால் இப்போது பெரும்பாலும் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

எங்கள் தெருவில் தறி ஓடும் ஓசை உண்டு. காலையிலும் மாலையிலும் எங்கள் வீட்டிலிருந்து எழும் ஓசையும் அதனோடு கலந்துவிட்டது. “உங்க வீட்டிலயும் தறி போட்டாச்சா?” என்று ஒரு பெரியம்மா வேடிக்கையாகக் கேட்டதுண்டு. பத்தாண்டுகள் அத்தறியை ஓட்டியது எங்களுள் தாயானவளின் கை. தந்தை தட்டினால், “அப்பா கை கல்லு மாதிரி இருக்குது” என்று பையன் எழுந்து ஓடிவிடுவான். காய்ச்சல் கண்ட நாளும், உறவினர் திருமணத்திற்குச் சென்ற நாளும், கிறிஸ்து பிறப்பு விழா இரவும் இதற்கு விலக்கில்லை.

பிள்ளை ஆளானான். பதினெட்டு வயது இளைஞன் அம்மா முன் குப்புறப் படுத்து முதுகைக் காட்டுவதற்குக் கூசினான் என்பது முதலில் எங்களுக்குப் படவில்லை. அவனும் சொல்லவில்லை. மருத்துவமனையில் பிசியோதெரபி நிபுணராக இருந்த ஓர் அம்மையாருக்குப் பட்டது. எங்களை வெளியே அமரச் சொல்லிவிட்டு அவனோடு ஒரு மணி நேரம் தனியே இருந்தார். பின்னர் எங்களை அழைத்து, “இவ்வளவு நாள் உங்க கை செஞ்சதை இனிமே இவருடைய மூச்சே செய்யும்” என்றார். இவருடைய என்று அவர் மரியாதையோடு சொன்னது எங்களுக்குப் புதிதாக இருந்தது. நிம்மதியும் ஒருவிதப் பறிகொடுத்த உணர்வும் ஒருங்கே தோன்றின என்பதை மறைப்பானேன்?

மூச்சு எப்படிச் செய்யும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்வது பயனுடையது. ஓங்கி இருமினால்தான் சளி வரும் என்பது நம் எண்ணம். அப்படி இருமும்போது குழாய்கள் நெருங்கி மூடிக்கொள்வதால் சளி வராமல் ஆளே ஓய்ந்துபோவான். மாறாக, முகம் பார்க்கும் கண்ணாடியைத் துடைப்பதற்கு வாயை அகலத் திறந்து ‘ஹா’ என்று ஆவி ஊதுவோம் அல்லவா? தொண்டையைத் திறந்து வைத்து வயிற்றின் வலிமையால் அவ்வாறு ஊதுவதே வழி. சளி ஆழத்தில் இருந்தால் சாதாரண அளவு மூச்சை இழுத்து, நீளமாகவும் மெதுவாகவும் ஊத வேண்டும். மேலே வந்துவிட்டதென்று கரகரப்பால் தெரிந்ததும் நன்றாக இழுத்து, குறுகலாகவும் விரைவாகவும் ஊத வேண்டும். இதற்குமுன் ஒரு சுற்று: சற்று நேரம் அமைதியான மூச்சு, பிறகு மூன்று அல்லது நான்கு ஆழ்ந்த மூச்சு, ஒவ்வொன்றையும் மூன்று விநாடி நிறுத்தி விடுதல். நிறுத்தும் அவ்விநாடிகளில் காற்று பக்கவழியாகச் சளியின் பின்புறம் சென்று சேர்கிறது. பின்புறம் காற்று இல்லாவிட்டால் எதைக் கொண்டு தள்ளுவது? அமைதி, ஆழ்ந்த மூச்சு, மீண்டும் அமைதி, பின்பு ஊதுதல் என இருபது, முப்பது நிமிடம் இச்சுற்று தொடரும். 1979-ல் இலண்டன் பிராம்டன் மருத்துவமனையில் பிரையர், வெப்பர் என்னும் இரு பிசியோதெரபி நிபுணர்கள் இவ்வகை ஊதலை ஆராய்ந்து, பிறர் துணையின்றி நோயாளி தாமே நெஞ்சைத் துப்புரவாக்க முடியும் என்று காட்டினர். பெல்ஜியத்தில் 1960-களிலேயே, மூச்சின் அளவைப் படிப்படியாக மாற்றிச் சளியைத் தானே ஏறச் செய்யும் வேறொரு முறையும் உருவாயிற்று. அது நுட்பமானது; கற்க நாளாகும். எங்கள் மகன் சில வாரம் முயன்று கைவிட்டான்.

அவன் விரும்பிக் கைக்கொண்டது குப்பி. தடைக்கு எதிராக மூச்சை விடும்போது குழாய்கள் மூடாமல் விரிந்து நிற்கும். டென்மார்க்கில் தோன்றி 1980-களில் பரவிய இம்முறைக்கு முகமூடியும் வால்வும் கொண்ட கருவி உண்டு. அதே வேலையைத் தண்ணீர்க் குப்பியும் செய்கிறது. ஒரு குப்பியில் பத்து சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் ஊற்றி, அடிவரை செல்லுமாறு சற்று அகன்ற குழாயைச் செருகி, வாய் வைத்து ஊத வேண்டும். பத்து சென்டிமீட்டர் தண்ணீரே தடையாகிறது; எழும் குமிழிகளின் அதிர்வு நெஞ்சுவரை எட்டிச் சளியைப் பெயர்க்கிறது. ஊதலாமே தவிர உறிஞ்சலாகாது; குப்பியின் வாய் திறந்திருக்க வேண்டும். தண்ணீரை நாள்தோறும் மாற்றிக் குப்பியையும் குழாயையும் கழுவி உலர்த்த வேண்டும். நின்ற நீரில் வளரும் கிருமியே இந்நோயாளிகளுக்குப் பெரும்பகை. தண்ணீரின் உயரத்தையும் குழாயின் அகலத்தையும் நிபுணர் ஒருவர் ஆளைப் பார்த்து அமைத்துத் தர வேண்டும். இதைப் படித்துவிட்டு வீட்டில் தாமே தொடங்கிவிடலாகாது.

மின்சாரத்தால் நெஞ்சைக் குலுக்கும் மேலாடை ஒன்று அமெரிக்காவில் உண்டு. பல இலட்சம் ரூபாய் விலை. உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து அதைப் பற்றி எழுதியபோது, நிலத்தை விற்றாவது வாங்கலாமா என்று நாங்கள் பல இரவு பேசினோம். கனடாவில் பன்னிரண்டு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வை மருத்துவர் எடுத்துச் சொன்னார். ஓராண்டில் மேலாடை அணிந்தவர்களுக்கு நோய் முற்றிய நிலை சராசரியாக 2 முறை வந்தது. முகமூடிக் கருவியில் ஊதியவர்களுக்கு 1.14 முறையே வந்ததாம். நிலம் பிழைத்தது. விலையுயர்ந்ததே சிறந்தது என்ற மயக்கம் மருத்துவத்தில் நம்மை எவ்வளவு ஆட்டுவிக்கிறது!

மருந்துகளைப் பொறுத்தவரை வரிசை முக்கியம். முதலில் குழாயை விரிக்கும் மருந்து, பிறகு உப்பு நீர் ஆவி, பிறகு ஊதல், துப்புரவான பின்னரே உள்ளிழுக்கும் கிருமிக்கொல்லி மருந்து. அழுக்குச் சுவரில் சுண்ணாம்பு அடித்துப் பயன் என்ன? உப்பு நீரின் கதை சுவையானது. ஆஸ்திரேலியாவில் கடலலைமேல் பலகையேறி விளையாடும் நோயாளிகள் மற்றவரைவிட நலமாயிருக்கக் கண்டு ஆராய்ந்தனர். கடல் நீரைப்போல் இருமடங்கு உப்புள்ள, 7 விழுக்காட்டு நீரை ஆவியாக்கி இழுத்தால் சளி நெகிழ்ந்து நோய் முற்றுவது குறைகிறது என்று 2006-ல் வெளியிட்டனர். வியர்வையில் உப்பை இழக்கும் உடம்புக்கு நெஞ்சிலும் உப்பே மருந்தாவது விந்தை. கோடையில் உப்பிட்ட மோரும் கஞ்சியும் எங்கள் வீட்டில் மருந்தோடு மருந்தாகச் சேரும்.

மரபணுப் பழுதையே ஈடுசெய்யும் கூட்டு மாத்திரை ஒன்று அமெரிக்காவில் 2019 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. படுத்த படுக்கையாயிருந்தோரை அது எழுப்பி நடமாட வைத்ததென்பது மிகையன்று. அறிமுகமானபோது ஓராண்டுக்கான விலை 3 இலட்சம் டாலருக்கு மேல். எல்லா வகைப் பழுதுக்கும் அது பயன்படுவதுமில்லை. மேனாடுகளில் மிகுதியாகக் காணும் பழுது நம் நாட்டு நோயாளிகளிடம் அவ்வளவு மிகுதியாக இல்லை. எங்கள் மகன் அதைப் பற்றி வருவதையெல்லாம் படிக்கிறான். படித்துவிட்டுக் குப்பியை எடுத்துக்கொண்டு உட்காருகிறான்.

ஓசூரில் வேலை கிடைத்தபோது எங்கள் வீட்டில் பெரும் போராட்டம். இங்கேயே மேட்டூரிலோ சேலத்திலோ ஏதாவது பார்க்கலாமே என்றோம். “எத்தனை நாளைக்குங்க அப்பா? உங்களுக்குப் பிறகு என்ன பண்றது?” என்று ஒரே கேள்வியில் எங்கள் வாயை அடைத்துவிட்டான். வாடகை அறையில் அவனோடு இரு இளைஞர். முதல் நாள் மாலையே குப்பியைப் பிரித்துக் காட்டி, நோயின் பெயரைச் சொல்லி, “இது உங்களுக்கு ஒட்டாது, ஆனா காலையில ஐந்தரைக்குச் சத்தம் வரும்” என்றானாம். “டி.பி.யா?” என்றார் ஒருவர். இல்லையென்று விளக்கிச் சோதனைச் சீட்டையும் காட்டியிருக்கிறான். மற்றவர் ஒரு வாரம் தள்ளியே படுத்தாராம். பிறகு குமிழியின் ஓசையே தமக்குக் கடிகாரம் என்று சொல்லத் தொடங்கிவிட்டாராம்.

எல்லாம் நலமே நடந்தது என்று எழுதினால் பொய்யாகும். முதல் ஆண்டில் இரவு வேலை மாறி மாறி வந்தது. களைப்பில் மாலை ஊதல் தவறிற்று, பின்னர்க் காலையும். மூன்று மாதத்தில் எடை குறைந்து, சளி பச்சையாகிக் காய்ச்சல் கண்டது. இரண்டு வாரம் மருத்துவமனையில் படுத்து நரம்பு வழியே மருந்தேற்ற நேர்ந்தது. வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவதென்றே நாங்கள் பெட்டியோடு சென்றோம். அங்கே ஒரு மருத்துவர், வளர்ந்த நோயாளிகள் சிகிச்சையைத் தவிர்ப்பது எல்லா நாட்டிலும் காண்பதுதான் என்றும், நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரத்தை ஆயுள் முழுதும் கேட்கும் வேலையை எவரும் அலுக்காமல் செய்வதில்லை என்றும் சொன்னார். திட்டுவதால் பயனில்லை, எந்த முறை அவருடைய நாளுக்குப் பொருந்துமோ அதைத் தேடுவோம் என்றார். எந்த முறையும் மற்றதைவிடத் திட்டவட்டமாகச் சிறந்ததென்று மெய்ப்பிக்கப்படவில்லையாம். செய்பவர் விரும்பிச் செய்யும் முறையே அவருக்கு நல்ல முறை. மாலை ஊதலுக்குமுன் அரை மணி நேரம் வேகநடை சேர்ந்தது. சளி நடையிலேயே பாதி நெகிழ்ந்துவிடும். இரவு வேலை நாளில் ஊதும் நேரம் பிற்பகலுக்கு மாறிற்று. பெட்டியோடு நாங்கள் இருவர் மட்டும் திரும்பினோம்.

அன்றுமுதல் ஒரு தீர்மானம் செய்துகொண்டோம். தொலைபேசியில், “சாப்பிட்டாயா?” என்று கேட்கலாம், “ஊதினாயா?” என்று கேட்கலாகாது. இரண்டாண்டாகக் காத்து வருகிறோம். தாய்க்கு இது எளிதன்று. பேசும்போது அவன் வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்குகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.

அவனுடைய தனிமை ஒன்றுதான் எங்களுக்கு விடை தெரியாதது. இதே நோயுள்ள இருவர் அருகருகே இருத்தலாகாது. ஒருவர் நெஞ்சிலுள்ள கிருமி மற்றவருக்குப் பேராபத்து. நலமுள்ளவர் அவனோடு தாராளமாகப் பழகலாம். அவன் துயரை உள்ளபடி அறியக்கூடிய இன்னொரு நோயாளியோ ஆறடிக்கு அப்பால்தான் நிற்க வேண்டும். திருமணப் பேச்சை எடுத்தாலோ, பெண்ணிடம் எல்லாவற்றையும் முதலிலேயே தானே சொல்ல வேண்டும், தரகர் சொல்லக் கூடாது என்கிறான். இந்நோயுள்ள ஆண்களுக்கு இயற்கை வழியில் பிள்ளைப்பேறு பெரும்பாலும் இல்லை என்பதும் அதில் அடங்கும். சொல்வதற்கு ஒரு பெண் அமையட்டும் என்று காத்திருக்கிறோம்.

இந்நோய் நம் பகுதியில் அரிது. இதைப் படிக்கும் குடும்பங்களுள் ஒன்றில்கூட இது இல்லாதிருக்கலாம். ஆனால் மூச்சுக் குழாய் விரிந்து சளி தேங்கும் நிலை அரிதன்று. இந்திய மருத்துவமனைகளில் அத்தகைய 2,195 பேரை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட அறிக்கையில், மூவரில் ஒருவருக்கு மேல் பழைய காசநோயே காரணமென்று கண்டனர். நோய் மருந்தால் குணமாகிவிட்டது; வடு நிற்கிறது; வடுவில் சளி நிற்கிறது. எங்கள் தெருவில் தறி நெய்யும் பெரியவர் ஒருவர் அப்படிப்பட்டவர். கிருமி இல்லையென்று சோதனையில் தெளிவான பிறகும் இருமல் நின்றபாடில்லை. அதனால் கோயிலில் கடைசித் தூணருகே தனியே அமர்வார். சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்த எங்கள் மகன் அவரைத் தன் செலவில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, இரத்தம் கக்கும் ஆபத்து இல்லை, செய்யலாம் என்று நிபுணர் சொன்ன பிறகு, கண்ணாடியில் ஆவி ஊதும் அந்த மூச்சைப் பழக்கிவைத்தான். முதலில் பெரியவருக்கு வெட்கம். இப்போது காலையில் திண்ணையில் அமர்ந்து, மூடியிட்ட டப்பாவொன்றை அருகே வைத்துக்கொண்டு, அவர்பாட்டுக்கு ‘ஹா’ என்று ஊதிக்கொண்டிருக்கிறார். ஆழ்ந்த மூச்சை நிறுத்தும்போது மூன்றுக்குப் பதில் ஐந்து எண்ணுகிறார். மூன்று போதும் என்று நாங்கள் சொன்னால் கேட்பதில்லை. பையன் வந்து சொல்லட்டும் என்கிறார்.